கழுவெளி ஓரத்துக் காளவாய்

காளவாய்க்குத் தீ வைத்த அன்று அங்கே இருந்தவர்கள் அப்பா, அம்மா, கூலிக்கு வந்த இரண்டு பேர், வேடிக்கை பார்க்க வந்த ஐஸ் கம்பெனிக்காரர், அப்புறம் நான். இல்லாதவர் பெரியப்பா. எனக்கு நினைவு தெரிந்து அந்தக் காளவாய்க்குத் தீ வைத்த ஒரே ஆள் அவர்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். வந்தால் பங்கு கேட்பார் என்று அப்பா நினைத்தார். அதனால் யாரும் கூப்பிடவில்லை.

காளவாய் என்றால் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கும் சூளை. எங்களுடையது மரக்காணம் தாண்டி, ரோட்டுக்கும் கழுவெளி என்கிற உப்பு நீர்ச் சதுப்புக்கும் நடுவில் நிற்கிறது. நின்றது என்று எழுத வேண்டும், கை இன்னும் பழகவில்லை. ஒன்றரை ஆள் உயரத்துக்கு வட்டமான செங்கல் சுவர். தலைப்பக்கம் திறந்திருக்கும். அடியில் காற்றுக்குச் சில பொந்துகளும், வெந்த சுண்ணாம்பை இழுத்து எடுக்க ஒரு வாயும் உண்டு. தீ வைக்கும்போது அந்த வாயைக் கல்லும் சேறும் வைத்து அடைத்துவிடுவார்கள். வெந்து ஆறிய பிறகு அதை உடைத்துத் திறப்பதற்குப் பேர் வாய் பிரிப்பது.

யார் கட்டியது என்று தெரியாது. வெள்ளைக்காரன் கட்டியது என்பார் அப்பா. வெள்ளைக்காரன் எதற்குக் கிளிஞ்சல் பொறுக்குகிறான், கோயில் வேலைக்கு வந்த கொத்தனார்கள் கட்டியது என்பார் பெரியப்பா. பழைய நாளில் இங்கே சுட்ட சுண்ணாம்பு கால்வாயில் தோணி ஏறிப் போனதாம். ஊர் ஊராக மச்சு வீட்டுச் சுவரிலும் தளத்திலும் எங்கள் கழுவெளிக் கிளிஞ்சல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள். சிமெண்டு வந்த பிறகு பொங்கலுக்கு வெள்ளையடிக்க மட்டும் என்று ஆனது. அப்புறம் பெயிண்டு வந்தது. இனிமேல் அவ்வளவுதான் என்றிருந்தபோது இறால் குட்டைக்காரர்கள் வந்தார்கள். குட்டையில் போட சுண்ணாம்பு வேண்டும் என்று மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியது அந்த இறால்தான். அவர்களும் எங்கிருந்தோ லாரியில் மலிவாக வரும் சுண்ணாம்புத் தூளுக்கு மாறிய பிறகு காளவாய் அணைந்தது. அதன் தலையில் ஒரு ஆலங்கன்று முளைத்தது. அம்மா அடிக்கடி அதைப் பிடுங்குவார், அது மறுபடி முளைக்கும்.

எரிந்த காலத்தில் அங்கே ஒரு முறை இருந்தது. அடுக்கிய கை தீ வைக்காது. தீ வைத்த கைதான் வாய் பிரிக்கும். கிளிஞ்சல் ஒரு படுகை, கரி ஒரு படுகை என்று உள்ளே இறங்கி அடுக்குவது அப்பா. அவர் ஏறி வந்ததும் பெரியப்பா காளவாயைச் சுற்றி வருவார், பொந்துக்குள் கை விட்டுப் பார்ப்பார், திட்டுவார், சில நாள் பிரித்து அடுக்கச் சொல்வார். அப்புறம்தான் தீக்குச்சி. "அடுக்குனவனுக்கு அவன் அடுக்கு மேல ஒரு மயக்கம் இருக்கும். இன்னொருத்தன் கண்ணு படணும்" என்பார். வாய் பிரிப்பதும் அப்படித்தான். தீ எந்தப் பக்கம் நின்றது, எந்தப் பக்கம் இறங்கியது என்று வைத்தவனுக்குத்தான் தெரியும். ஒரு தடவை பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்று கூலிக்காரர் ஒருவர் வாய் பிரித்தார். சூடான சுண்ணாம்பு சரிந்து முகத்தில் அடித்தது. ஒரு கண் போயிற்று. அதற்குப் பிறகு அந்த முறையை யாரும் மீறவில்லை. எங்கள் பக்கத்தில் கும்பிடுகிற சாமிகளைவிட அதற்குப் பயந்தவர்கள் அதிகம்.

காளவாய்க்கு அப்போது முதலாளி ஒரு திண்டிவனத்துக்காரர், அப்பாவும் பெரியப்பாவும் கூலிக்குத்தான் இருந்தார்கள். மூடும்போது கொடுக்க வேண்டிய கூலிக்குப் பதிலாகக் காளவாயையும் அது நிற்கும் மூன்று சென்ட் நிலத்தையும் எழுதிக் கொடுத்தார். பதிவு நாளன்று பெரியப்பா கண் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியில் படுத்திருந்தார். அப்பா பேருக்கு மட்டும் பதிவாயிற்று. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சேர்க்கவில்லை. "தீ வெச்சவன் நானு, சாம்பலு கூட எனுக்கு இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா மாமியார் ஊருக்குப் போனவர்தான். சாவு வீடுகளில் பார்த்துக்கொள்வோம். பேச மாட்டார்கள்.

இப்போது ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். எல்லைக்கல் எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது, வீடும் காளவாயும் ரோட்டுக்குப் போகின்றன. வீடு புறம்போக்கில் இருக்கிறது, அதற்கு நஷ்ட ஈடு ஒன்றும் வராது. மூன்று சென்டுக்குக் கொஞ்சம் வரும். ஆனால் நிலத்தில் கட்டடம் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்தத் தனி மதிப்பு வந்தால் திண்டிவனத்தில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு எட்டின தூரத்தில், இரண்டு சென்ட் மனை வாங்கிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. வராவிட்டால் அவரும் அம்மாவும் எங்கே போவார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. நான் இருப்பது இன்னொருவரோடு பங்கு போட்ட ஒற்றை அறை. அப்பா கையில் இருந்ததைத் திரட்டி மனைக்கு இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். என்னிடம் சொன்னது கொடுத்த பிறகு.

விழுப்புரத்தில் நில எடுப்பு ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். எங்கள் வீட்டில் ஆபீஸ் என்றால் நான்தான் போக வேண்டும். குமாஸ்தா நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார். "சூளைங்களா? ஆபீசர் வந்து பாக்கறப்ப எப்படி இருக்கோ, அப்படித்தான் தம்பி எழுதுவாரு" என்றார். அதை அப்படியே வந்து சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டில் இருந்தார். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த அவருடைய ஐஸ் கம்பெனிக்கு நல்ல தொகை வந்திருந்தது. "எப்டி வந்துச்சின்ற? ஆபீசரு வர்ற அன்னிக்கு மோட்டார ஓட உட்டன். டுர்ர்ருன்னு சத்தம். ஐஸு இல்ல, தண்ணியும் இல்ல, சத்தம் மட்டும்தான். எழுதிக்கினு போனாரு" என்று சிரித்தார். "உன் காளவாயி இப்ப பொணம் மாதிரி நிக்குது. பொணத்துக்கு யாரு காசு குடுப்பா? ஒரு தபா பொகைய காட்டு."

மறுநாள் அப்பா கிளிஞ்சல் பொறுக்குகிறவர்களிடம் விலை கேட்கப் போனார்.

"எரியாத ஒன்ன எரியுதுன்னு காட்றது நல்லாவா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது எரிஞ்சதுதானே. நாங்க அதுல வெந்ததும் நெஜம்தானே. அதுல இன்னாடா பொய்யி?" என்றார் அம்மா. அதில் பொய் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை ஆபீசர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு காலை தீ. அப்பா முந்தின நாளெல்லாம் உள்ளே இறங்கி அடுக்கினார். வயசாகிவிட்டது, ஏறி வரும்போது நானும் கூலிக்காரரும் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. மேலே வந்ததும் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுற்றி வந்து திட்டுகிற ஆள் அங்கே இல்லை. அடுக்கிய கை வைக்கக்கூடாதே. தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"நானா?"

"உன் பெரிப்பன் ரத்தம்தானே நீயும். வை."

"வாத்தியாரே, சாக்பீஸ் மாதிரி புடிக்கிறியே, தீக்குச்சிப்பா அது" என்றார் ஐஸ் கம்பெனிக்காரர்.

"வகுப்பு நெறைய புள்ளைங்கள மேய்க்கிறாரு, ஒரு குச்சி பத்த வெக்க மாட்டேன்றாரு" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார். மூன்றாவது குச்சியில் பிடித்தது. நான் சுற்றியும் வரவில்லை, பொந்துக்குள் கையும் விடவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முறை நிறைவேறியது என்று எல்லோருக்கும் திருப்தி.

நன்றாகத்தான் எரிந்தது. அதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் அடுக்கில் குறை இல்லை. மத்தியானத்துக்குள் வெள்ளைப் புகை நேராக ஏறியது, ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எரிந்த நாட்களில் அவர் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வரவில்லை. விழுப்புரத்தில் மீட்டிங்காம், புதன்கிழமை வருவாராம். எனக்கு லீவு ஒரு நாள்தான். அரையாண்டுத் தேர்வு நேரம், சாயந்திரம் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். கிளம்பும்போது வாய் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். "இன்னும் ஆறல. அதுவுமில்லாம பிரிச்சிட்டா ஆபீசரு வந்து இன்னாத்த பாப்பாரு? உள்ள வெள்ளையா நெறஞ்சி இருக்கட்டும். புதன்கெழம அவரு எதிரிலயே பிரி" என்றார் அப்பா. நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை வானம் மூடியது. வெந்த கிளிஞ்சலுக்கு மழை ஆகாது. தண்ணீர் பட்டால் அது கொதித்து, பொங்கி, இரண்டு பங்கு மூன்று பங்காக விரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வினையை நான்தான் எழுதிப் போடுகிறேன். கரும்பலகையில் அது பொங்குவதில்லை.

மதியம் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "காத்தழுத்தமாம்டா. ஆபீசரு பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி, சரக்க எறக்கிடணும். ஜல்தி வா. வாய் பிரிக்கணும்." பரீட்சை முடித்துக் கிளம்பியபோது மழை பிடித்துவிட்டது. மரக்காணம் பஸ் பாதி வழியில் நின்றது. சாலையில் புளியமரம் விழுந்திருந்தது. அதை அறுத்து எடுக்கும்வரை ராத்திரி முழுக்க பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் எல்லோரிடமும் ஒன்றே சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் இன்னா சார் பண்றது, மரத்த நானா நட்டன்?"

அங்கே நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னார். அப்பா காளவாயின் தலையில் தகரம் போட்டு மேலே கல் ஏற்றியிருக்கிறார். வாய் பிரிக்க மட்டும் கை போகவில்லை.

"உன் புள்ள கையி வந்தாத்தான் எறங்குமா அது? என் கையி இன்னா வாழ மட்டையா? கொக்கிய குடு, நான் இழுக்கறன்" என்றிருக்கிறார் அம்மா.

"தீ எந்தப் பக்கம் நிக்குதுன்னு உனுக்குத் தெரியுமாடி? கண்ணு போனவன நீயும்தான பாத்த?"

"உன் புள்ளைக்கு மட்டும் தெரியுமா?"

அப்பா மழையில் நனைந்தபடி நின்றிருக்கிறார். பிறகு போனை எடுத்து, வருஷக்கணக்கில் பேசாத அண்ணனுக்குப் போட்டிருக்கிறார். "ண்ணா, காளவாய்க்குத் தீ வெச்சிட்டன். மழ வந்துக்கினு கீது" என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பக்கத்திலிருந்து, "யாரு வெச்சது?" "பையன்." "இன்னும் பிரிக்கலியா?" "இல்ல." "வர்றேன்."

புதன்கிழமை விடிந்த பிறகு நான் போய்ச் சேர்ந்தேன். கடைசிக் கொஞ்ச தூரம் நடை. காளவாய் நின்றுகொண்டிருந்தது. தலையில் தகரம் அசையாமல் இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கிட்டே போன பிறகுதான் சத்தம் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம், ஆனால் நிற்காமல்.

தண்ணீர் கீழே இருந்து வந்திருந்தது. எத்தனையோ மழைக்காலம் பார்த்த இடம் அது, ஒரு நாளும் அங்கே தண்ணீர் தேங்கியதில்லை. பெய்வதெல்லாம் சரிந்து கழுவெளிக்கு ஓடிவிடும். புது ரோட்டுக்காகக் கொட்டி வைத்த மண்மேடு இந்த வருஷம் அந்த ஓட்டத்தை மறித்திருந்தது. காளவாயைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் குளம். பொந்துகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். பொந்துக்கு நேரே குமிழி குமிழியாக வெள்ளையாகப் பொங்கியது.

அப்பா கொக்கியை என் கையில் கொடுத்தார். தண்ணீர் கணுக்காலில் வெந்நீராகச் சுட்டது. இரண்டடி வைத்திருப்பேன். பின்னால் இருந்து ஒரு குரல், "டேய், கிட்ட போவாத! வெளிய வா!" ரோட்டு மேட்டில் பெரியப்பா, தலையில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் ஒரு மஞ்சப்பை. அவர் இறங்கி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நாங்கள் மேட்டில் ஏறும்போது சுவர் விட்டது. வெடிக்கவில்லை. வயிறு உப்பினவன் இடுப்புக் கயிறு அறுவதுபோல் ஒரு பக்கம் மெல்லப் பிளந்து, செங்கல்லும் வெள்ளைக் குழம்பும் ஆவியுமாகச் சரிந்தது. பாதி பக்கத்து வாய்க்காலில் போய் விழுந்தது. ஆவி அடங்கும்வரை மேட்டிலேயே நின்றோம்.

"மேல தகரம் போட்ட" என்றார் பெரியப்பா கடைசியில். "கீழ?"

"கீழ எப்பண்ணா தண்ணி நின்னுச்சி?" என்றார் அப்பா. குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

பெரியப்பா மண்மேட்டைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். "நானா இருந்தாலும் மேலதான் மூடியிருப்பன். ஆனா நேத்தே பிரிச்சிருப்பன்."

அம்மா அவருக்கு டீ கொடுத்தார். "ஒடம்பு எளச்சிப் போச்சி மாமா" என்றார். "உன் டீ மட்டும் அப்டியே கீது, வெந்நி மாதிரி" என்றார் அவர். அம்மா சிரிக்கப் பார்த்தார், அழுதுவிட்டார்.

ஆபீசர் வெள்ளிக்கிழமை வந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் நின்று குவியலைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. "கல்லுக் குவியலுக்கு நான் என்னங்க எழுத முடியும்? நிலத்துக்கு மட்டும்தான் போட முடியும்" என்றார்.

"ஞாயித்துக்கெழம எரிஞ்சிக்கினு இருந்துச்சிங்க. பொக இந்த ஊரே பாத்துதுங்க" என்றார் அப்பா.

"எரியணும்னு யாருங்க சொன்னது? சும்மா நின்னிருந்தாலே கட்டடம்தானே. அளந்து எழுதியிருப்பேனே."

அப்பா ஐஸ் கம்பெனிக்காரரைத் தேடினார். அவர் அன்று வரவில்லை. ஆபீசர் போன பிறகு அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

மனைக்காரருக்குப் போன் செய்தேன். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டினால் மனை, இல்லாவிட்டால் பேசினது பேசினதுதான், அட்வான்ஸ் திரும்பாது என்றார். அவரிடம் கோபப்படவும் தெம்பு இல்லை. அந்த மனைக்கு இன்னொரு குடும்பம் காத்திருக்கிறதாம். இருக்கும்.

பெரியப்பா அதுவரை ஊருக்குப் போகவில்லை. வாய்க்காலில் விழுந்த கல்லை ஜேசிபி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அம்மா ஒரு வாளியில் வெள்ளைக் குழம்பை அள்ளி வந்து, இடிக்கப்போகிற எங்கள் வீட்டுச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வாங்க ஆள் இல்லாத சுண்ணாம்பை வேறு என்ன செய்வது?

அப்பா வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மண்ணு காசுன்னு கொஞ்சம் வரும். அதுல பாதி உனுக்குண்ணா" என்றார். காளவாய் பதிவான நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகத்தான் அந்த வீட்டில் சண்டை.

பெரியப்பா பீடியைப் பற்ற வைத்தார். ஒரே குச்சிதான். "பாதி அப்பால. தீ வெச்ச வகையில ஆன செலவ மொதல்ல அதுல கழி. தீ நம்ம ரெண்டு பேருதுதான். இன்னா ஆச்சி?" என்று என்னைப் பார்த்தார்.

அப்பா சொல்லச் சொல்ல நான் கூட்டினேன். கிளிஞ்சல் ஆறாயிரத்து ஐந்நூறு. கரியும் விறகும் ஏழாயிரத்து இருநூறு. கூலி மூவாயிரத்து இருநூறு. தகரம் ஆயிரத்து எண்ணூறு. ஜேசிபிக்கு மூவாயிரத்து அறுநூறு. அதற்கப்புறம் அப்பா நிறுத்திவிட்டார். அட்வான்ஸை நான்தான் சேர்த்தேன், இருபத்தைந்தாயிரம்.

சுவரைப் பார்த்தபடியே அம்மா சொன்னார், "மாமா வந்து போற பஸ்ஸு காச உட்டுட்டியே. நூத்தம்பது."

சேர்த்தேன். நாற்பத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.